முப்பது புக்கிட் தீமா உயரத்தில் ஒரு பனியாறு

போன மாதம் யீஷூனில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. புளோக்குக்குக் கீழே கல் மேசையில் உட்கார்ந்து மழை விடட்டும் என்று காத்திருந்தோம். தம்பி மகன், தொடக்கநிலை நான்கு படிக்கிறவன், திடீரென்று "பெரியப்பா, சிங்கப்பூர்ல எப்பவாவது ஸ்னோ பெய்யுமா?" என்றான். "இப்பகூடப் பெய்யுதே" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. நம் தலைக்கு மேலே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடுகிறது. இடியோடு வரும் பெருமழை மேகங்கள் அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் பல கிலோமீட்டர் மேலே நிற்பவை. அவற்றுக்குள்ளே பனித்துகள்கள் உருவாகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துக் கீழே விழுகின்றன, அந்தக் கோட்டைக் கடக்கும்போது உருகி மழைத்துளியாகின்றன. இடிமழை ஓய்ந்து தூறலாக நீளும் நேரத்தில் ரேடாரில் பார்த்தால் இந்த உருகும் உயரம் மட்டும் ஒரு பட்டையாகப் பளிச்சென்று தெரியும். எப்போதாவது ஒருமுறை உருகாமலே தரைக்கு வந்துவிடுவதும் உண்டு. 2013 ஜூன் 25 அன்று தீவின் மேற்குப் பக்கத்தில் ஆலங்கட்டி மழை பெய்தது பலருக்கு நினைவிருக்கும், அதற்கு முந்தைய வாரம்தான் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தோம். சாங்கியிலிருந்து கிளம்பும் விமானம் சில நிமிடங்களில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது, நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால், நம் பக்கத்தில் அந்தக் கோட்டைத் தொடும் அளவுக்கு ஒரு மலை இருந்தால் அதன் தலையில் பனி நிற்குமா?

நிற்கும். நின்றது. அப்படி ஒரு மலை இருக்கிறது. இந்தோனேசியாவின் மத்திய பாப்புவா மாநிலத்தில், நமக்குக் கிழக்கே சுமார் 3,700 கிலோமீட்டர் தள்ளி, புஞ்சாக் ஜாயா. உயரம் 4,884 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்று 163 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதை ஒன்றின் மேல் ஒன்றாக முப்பது தடவை அடுக்கினால் இந்த மலை. உலகத்தில் ஒரு தீவின் மேல் இருக்கும் மலைகளில் இதுதான் உயர்ந்தது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறோம், அது தெற்கே நான்கு டிகிரியில். அதே ஈரக் காற்று, அதே ஒரே மாதிரி வெப்பம், அதே பிற்பகல் மேகம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தால் நமக்கு மிக அருகில் பனியாறு இருக்கும் இடம் இது இல்லை. மியன்மாரின் வடகோடியில் ஹ்காகாபோ ராஸி மலையில் இருப்பவை தூரக் கணக்கில் இன்னும் பக்கம். ஆனால் அது இமயமலையின் வால், அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. நம்மைப் போலவே வருடம் முழுக்க ஒரே பருவத்தில் உட்கார்ந்திருக்கும் பனி என்றால் இந்தப் பக்கத்தில் புஞ்சாக் ஜாயா ஒன்றுதான். உலகத்திலேயே மூன்று பகுதிகளில்தான் பூமத்திய ரேகையை ஒட்டிப் பனியாறுகள் உண்டு: தென்னமெரிக்காவின் ஆண்டிஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, அப்புறம் இது.

பனியாறு என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனி, அதாவது விடிகாலையில் புல் நுனியில் நிற்கும் ஈரம். வானத்திலிருந்து பஞ்சாக விழுவதற்கும் அதே சொல்லைத்தான் கடன் கொடுத்திருக்கிறோம். செய்திகளில் பனிப்பாறை என்று எழுதுகிறார்கள், கடலில் மிதப்பதும் பனிப்பாறை, மலையில் கிடப்பதும் பனிப்பாறை. எனக்குப் பனியாறுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அது நகர்கிறது. வருடக்கணக்கில் விழுந்த பனி அமுங்கிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெதுவாக வழிந்து இறங்கினால்தான் அது பனியாறு. சும்மா கிடந்தால் அது வெறும் பனிக்கட்டிதான். இந்த வித்தியாசம் கடைசியில் முக்கியமாகிறது, அங்கே வருகிறேன்.

1623 பிப்ரவரியில் யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி நியூகினித் தீவின் தென்கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தபோது, வானம் துலக்கமாக இருந்த ஒரு நாளில், கரையிலிருந்து வெகு உள்ளே உயர்ந்த மலையின் மேல் பனியைப் பார்த்ததாக எழுதி வைத்தார். ஐரோப்பாவில் சிரித்தார்கள். பூமத்திய ரேகையில் பனியா? சிரித்தவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, கீழேயிருந்து அந்த மலை முக்கால்வாசி நேரம் மேகத்துக்குள்தான் இருக்கும். அதே தீவில் இன்னொரு மலையின் பனியை லொரென்ட்ஸ் என்பவர் நேரில் போய்த் தொட்டதே 1909இல்தான். அதுவரைக்கும் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் அந்த மாலுமி பொய்யராகவே இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு மலைக்கு அவர் பெயரையே வைத்தார்கள், மலையேறிகள் இன்றும் கார்ஸ்டென்ஸ் பிரமிட் என்றுதான் சொல்கிறார்கள்.

மலையடியில் வாழும் அமுங்மே மக்களுக்கு இந்தப் புதுப் பெயர்கள் எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் சொல்லும் பெயர் நெமாங்காவி, வெள்ளை அம்பு என்று பொருள் சொல்கிறார்கள். பனி மூடிய உச்சியைத் தூரத்திலிருந்து பார்த்தவன் வைத்த பெயர் என்று கேட்டவுடனே தெரிகிறது. புஞ்சாக் ஜாயா இந்தோனேசியா வைத்தது. புஞ்சாக் என்றால் உச்சி, ஜாயா நம் ஜெயமேதான். பக்கத்தில் ஒரு சுரங்க ஊர் இருக்கிறது, தெம்பாகாபுரா. மலாய் தெரிந்தவர்களுக்கு தெம்பாகா என்றால் செம்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வருவது நம் புரம், சிங்கப்பூரின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே சொல்தான். செம்புபுரம். புக்கிட் தீமாவில் தீமா என்றால் ஈயம், ஆனால் குன்று முழுக்கக் கருங்கல். செம்புபுரத்தில் செம்பு நிஜமாகவே உண்டு, அந்தக் கதைக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

இவ்வளவு உயரமான மலை ஒரு தீவில் எப்படி வந்தது? தெற்கேயிருந்து ஆஸ்திரேலியக் கண்டத்தட்டு வடக்கே நகர்ந்து பசிபிக் பக்கத் தட்டுகளோடு மோதிக்கொண்டிருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கடலடிப் படிவங்கள் மடிந்து நிமிர்ந்து மேலே வந்துவிட்டன. உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல், அதாவது ஒரு காலத்தில் வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலில் சிப்பியும் பவளமும் செத்துப் படிந்த மண். மழை அரித்த சுண்ணாம்புக்கல் கத்தி மாதிரி கூராக இருக்கும், ஏறுகிறவர்களின் கையுறைகளைக் கிழித்துவிடும். மண்ணியல் கணக்கில் இது இளம் மலை, இன்னும் தேய்ந்து முடியவில்லை.

அங்கிருந்து தெற்குக் கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர்தான், மலாக்கா போகும் தூரத்தில் ஏறக்குறைய பாதி. அந்த நூறு கிலோமீட்டருக்குள் அலையாத்திக் காடு, சதுப்பு, நம் மெக்ரிட்சி மாதிரி வெப்பக் காடு, அதற்கு மேலே பாசி போர்த்திய மேகக் காடு, மரம் நின்று போகும் எல்லை, கட்டைப்புல்வெளி, வெறும் பாறை, கடைசியாகப் பனி என்று எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுகிறது. இதற்காகவே 1999இல் லொரென்ட்ஸ் தேசியப் பூங்காவை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. பரப்பு 23,500 சதுர கிலோமீட்டர், முப்பது சிங்கப்பூரை உள்ளே வைக்கலாம். தென்கிழக்காசியாவில் இதைவிடப் பெரிய பாதுகாக்கப்பட்ட நிலம் இல்லை.

சரி, பனிக்கு வருவோம். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு: மிக உயர்ந்த முனையில்தான் பனி அதிகம் இருக்கும் என்று நினைப்போம். புஞ்சாக் ஜாயாவின் முனை செங்குத்தான பாறை, பனி ஒட்ட இடமே இல்லை. பனியாறுகள் கிடந்தது எதிரேயும் பக்கத்திலும் இருக்கும் சாய்வான மேடுகளில்தான், குறிப்பாக வடசுவர் என்று அழைக்கப்படும் நீண்ட மேட்டின் தலையில். அந்த மேட்டில் ங்கா புலு என்று ஓர் உச்சி. 1936 டிசம்பரில் கொலெய்ன், டோசி, விஸ்ஸெல் என்ற மூன்று டச்சுக்காரர்கள் ஏறியது அதில்தான். அப்போது அதன் மேல் தடித்த பனித்தொப்பி இருந்தது, அந்தத் தொப்பியையும் சேர்த்தால் அதுதான் அந்த மலைத்தொடரிலேயே உயர்ந்தது என்று கணக்கு. பிறகு தொப்பி கரைந்தது, மலையே குட்டையாகிவிட்டது. புஞ்சாக் ஜாயாவின் பாறை முனையில் முதலில் கால் வைத்தவர்கள் ஆஸ்திரிய மலையேறி ஹைன்ரிஷ் ஹாரரும் அவரோடு போன மூவரும், 1962இல்.

இந்தப் பனி எதை நம்பி உயிர் வாழ்ந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. ஆல்ப்ஸ் மலைப் பனியாற்றை மாதச் சம்பளக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுக்க வரவு, கோடையில் செலவு, வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மிச்சமா நட்டமா என்று தெரியும். ஒரு கோடை மோசமாகப் போனாலும் அடுத்த குளிர்காலம் கைகொடுக்கும். பாப்புவாவில் குளிர்காலமே கிடையாது. சிங்கப்பூரில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் சராசரி வித்தியாசம் 2 டிகிரி அளவுதான், அந்த மலையில் அதுவும் இல்லை. வருடம் முழுக்கப் பனியின் மேல்பகுதியில் தினமும் வரவு, கீழ்நுனியில் தினமும் செலவு. பருவம் என்பது காலண்டரில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. மேலே எப்போதும் குளிர்காலம், நூறு இருநூறு மீட்டர் கீழே எப்போதும் கோடை. சுருக்கமாக, அன்றாடங்காய்ச்சி. அன்றைக்கு வந்ததை அன்றைக்கே உருக்கிச் சாப்பிட்டு ஓடும் குடும்பம்.

அன்றாடங்காய்ச்சிக்கு விலைவாசி பத்துக் காசு ஏறினாலே அடி விழும். 0 டிகிரிக் கோடு அங்கேயும் 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழேதான், அதாவது பனியின் உச்சிக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி எதுவும் இல்லை. காற்று அரை டிகிரி சூடானால் கோடு ஏறக்குறைய எண்பது தொண்ணூறு மீட்டர் மேலே போகும். இமயமலையில் எண்பது மீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாது, இன்னும் மூன்றாயிரம் மீட்டர் மலை மேலே பாக்கி இருக்கும். இங்கே மேலே போக மலையே இல்லை. கோடு உச்சியைத் தாண்டி வானத்துக்குப் போய்விட்டால் மொத்தப் பனியும் கோடைக்குள் வந்துவிடும், விழுவது பனியாக இல்லாமல் மழையாக விழும்.

மழை விழுந்தால் பனி கரைந்துவிடும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உணவங்காடியில் ஐஸ் கச்சாங் வாங்கினால், துருவிய ஐஸ் மலை மேலே சிவப்புப் பாகை ஊற்றியவுடன் அங்கங்கே குழி விழுமே, அந்த மாதிரி. ஆனால் அந்த உவமை பாதிதான் சரி. மலை மேலே பெய்யும் மழை சில்லென்று இருக்கும், அது கொண்டுவரும் சூடு சொற்பம். நிஜமான சேதம் இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, பனியாக விழுந்திருந்தால் கணக்கில் வரவு வைக்க வேண்டியது மழையாக விழுந்ததால் அப்படியே வழிந்து போய்விடுகிறது. இன்னொன்று நிறம். புதுப்பனி வெள்ளைவெளேரென்று இருக்கும், வெயிலில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். புதுப்பனி விழாமல் பழைய கட்டி நனைந்து அழுக்கேறி வெளியே தெரிய ஆரம்பித்தால் வெயிலில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே போகும். பூமத்திய ரேகை வெயில், 4,800 மீட்டர் உயரத்தில், நேர் உச்சியிலிருந்து. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பதற்கும் கறுப்புச் சட்டையோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது, இங்கே பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தவர்களுக்குத் தெரியும்.

கிளிமஞ்சாரோவையும் இதையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், சொல்லக்கூடாது. அது 5,895 மீட்டர், 0 டிகிரிக் கோட்டுக்கு ரொம்ப மேலே, வறண்ட காற்று. அங்கே பனியில் ஒரு பங்கு தண்ணீராகாமலே நேராக ஆவியாகிப் போகிறது, விழும் பனியும் குறைவு. பாப்புவாவில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒன்று பட்டினியால் மெலிகிறது, இன்னொன்று காய்ச்சலில்.

கணக்கைப் பார்ப்போம். பனி தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன கல்மேடுகளை வைத்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே சுமார் 19 சதுர கிலோமீட்டர் பனி இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகக் குழுக்கள் போய் முறையாக அளந்தபோது சுமார் 7. செந்தோசாவைவிடப் பெரியது. 2002இல் 2 சதுர கிலோமீட்டரை ஒட்டி. மெரென் பனியாறு என்று ஒன்று, 1936 படங்களில் பள்ளத்தாக்கில் நாக்கை நீட்டிக்கொண்டு கிடப்பது, 1994க்கும் 2000க்கும் இடையில் இல்லாமலே போனது. 2018இல் மொத்தம் அரை சதுர கிலோமீட்டர். நம் தாவரவியல் பூங்கா, பழைய ஆட்களுக்குப் பூமலை, 82 ஹெக்டர். அதாவது அந்த வருடமே மொத்தப் பனியும் பூமலைக்குள் அடங்கியிருக்கும், ஆர்க்கிட் தோட்டத்துக்கு இடம் விட்டு. 2022இல் 0.23.

பரப்பைவிடத் தடிமன்தான் என்னை உறுத்தியது. 2010இல் அமெரிக்க ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லோனி தாம்சன் குழுவும் இந்தோனேசிய வானிலை அமைப்பான பிஎம்கேஜியும் சேர்ந்து மேலே போய், பனியின் அடியில் பாறை தட்டும் வரைக்கும் துளையிட்டார்கள். 32 மீட்டர். பத்து மாடி புளோக் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் கூடாரம் போட்டிருந்த இரண்டு வாரமும் பனியாற்றின் மேல் மழை பெய்தது. கூடாரத்தைச் சுற்றி இருந்த பனி அந்த இரண்டு வாரத்திலேயே 30 சென்டிமீட்டர் இறங்கியது. ஒரு அடிஸ்கேல் அளவு. பள்ளிக்கூடப் பையில் இருக்குமே, அது. உலகமெல்லாம் வெப்பமண்டலப் பனியாறுகளில் வேலை செய்த தாம்சனுக்கே பனியின் மேல் இப்படித் தினமும் மழை விழுவதைப் பார்ப்பது புதுசு.

துளையை அப்படியே விடவில்லை. பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கயிற்றில் கோத்து உள்ளே இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். பனி இறங்க இறங்கக் கயிறு வெளியே தெரியும், தெரியும் நீளத்தை அளந்தால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். மீட்டர் வாசிப்பது மாதிரி, வேறு கருவி வேண்டாம். முதல் ஐந்து வருடம், 2015 கடைசி வரைக்கும், வருடத்துக்குச் சுமார் ஒரு மீட்டர். அப்புறம் எல் நீனோ வந்தது, வேகம் ஏறக்குறைய ஐந்து மடங்கானது.

அந்த எல் நீனோவை நாமும் மறந்திருக்க மாட்டோம். பசிபிக்கின் சூட்டுத் தண்ணீர் கிழக்கே நகர்ந்து, மழை மேகங்களும் அதன் பின்னாலேயே போய்விட, நம் பக்கம் காய்ந்து போகும். 2015இல் சுமத்ராவும் களிமந்தானும் மாதக்கணக்கில் புகைந்தது அதனால்தான், காற்றுமாசுக் குறியீடான பிஎஸ்ஐ 300ஐத் தாண்டி செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்கள். நான் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே வாரங்களில் கிழக்கே அந்த மலை மேலே மேகக்குடை விலகி, புதுப்பனி விழாமல், வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே காரணம், இடம்தான் வேறு.

2022 கடைசியில் பிஎம்கேஜி அளந்தபோது அந்தக் கயிற்றுப் பக்கத்தில் மிச்சம் 6 மீட்டர். 32 போய் 6. மேலே சொன்னேனே, நகர்ந்தால்தான் பனியாறு என்று. 6 மீட்டர் தடிமனுக்குத் தன்னைத்தானே அமுக்கிக்கொண்டு வழியும் எடை கிடையாது. அது நின்று போன ஆறு, பாறைக் குழியில் தேங்கிக் கிடக்கும் கட்டி. வெனிசுவேலாவின் கடைசிப் பனியாற்றை 2024இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அங்கேயும் இதே நிலைமைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.23 சதுர கிலோமீட்டர், எங்கும் 6 மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 14 லட்சம் கன மீட்டர் கட்டி கூடத் தேறாது. சிங்கப்பூரின் ஒரு நாள் தண்ணீர்ச் செலவு 44 கோடி கேலன், அதாவது சுமார் 20 லட்சம் கன மீட்டர். அந்த மலையின் மொத்தப் பனியையும் உருக்கிக் குழாயில் விட்டால் நமக்கு ஒரு முழு நாள் வராது. ஆகவே இது உருகுவதால் கடல் ஏறி ஈஸ்ட் கோஸ்ட் முழுகிவிடும் என்று யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். கடலை ஏற்றுவது கிரீன்லாந்தும் அண்டார்ட்டிக்காவும் சூடேறி விரியும் கடல் நீரும்தான்.

ஆனால் ஒரு காலத்தில் கடலுக்கும் மலைக்கும் கணக்கு ஒன்றாகவே ஓடியது. 20,000 வருடத்துக்கு முன்னால், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், நியூகினி மலைகளில் மட்டும் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பனி. நியூகினி ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தது. கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே, சிங்கப்பூர் தீவே இல்லை, ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் நடந்து போகலாம். புக்கிட் தீமா அப்போது கடலே கண்ணில் படாத ஓர் உள்நாட்டுக் குன்று.

செம்புக் கதை பாக்கி. 1936இல் ஏறிய மூவரில் டோசி மண்ணியல்காரர். வழியில் புல்வெளிக்கு நடுவே கறுப்பாக, பச்சைக்கறை படிந்து தனியாக நின்ற ஒரு குன்றைப் பார்த்து எர்ட்ஸ்பெர்க், தாதுமலை, என்று குறித்துக்கொண்டார். போர் வந்தது, அறிக்கை இருபது வருடம் நூலகத்தில் கிடந்தது. 1960இல் ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்கச் சுரங்க நிறுவனத்தின் ஃபோர்ப்ஸ் வில்சன் அதைப் படித்துவிட்டுத் தேடிப் போனார், 1970களின் தொடக்கத்தில் சுரங்கம் ஓட ஆரம்பித்தது. 1988இல் பக்கத்திலேயே கிராஸ்பெர்க்கைக் கண்டுபிடித்தார்கள், அது உலகின் மிகப் பெரிய தங்க, செம்புச் சுரங்கங்களில் ஒன்று. பனியிலிருந்து சில கிலோமீட்டர்தான், விண்வெளிப் படத்தில் வெள்ளைத் துண்டும் வட்டக் குழியும் ஒரே சட்டகத்தில் விழும். பனி கரைவதற்குச் சுரங்கமே காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. தூசி படிந்தால் உருகுவது கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பனி பின்வாங்க ஆரம்பித்தது சுரங்கத்துக்கு நூறு வருடம் முன்னால், சுரங்கமே இல்லாத, அதே தீவின் இன்னொரு மலையான புஞ்சாக் திரிக்கோராவின் பனி 1960களுக்குள் முடிந்து போயிற்று. சுரங்கத்தின் மேல் வைக்க வேறு குற்றச்சாட்டுகள் ஏராளம் இருக்கின்றன, ஆற்றில் கொட்டும் கழிவு ஒன்றே போதும், இதை அதன் தலையில் கட்ட வேண்டியதில்லை.

2010 துளையிட்ட சமயத்தில் இன்னொன்றும் நடந்தது, தாம்சனே பிறகு சொன்னது. எடுத்த பனித்தண்டுகளைக் கீழே கொண்டுவந்து குளிரறையில் வைத்திருந்தபோது உள்ளூர்க்காரர்கள் சிலர் எதிர்த்து வந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பனி ஒரு தெய்வத்தின் தலை, சுற்றியுள்ள மலைகள் அதன் கைகால்கள். தலையைத் துளைத்து தெய்வத்தின் நினைவுகளைத் திருடுகிறீர்கள் என்றார்கள். யோசித்தால் அதில் தப்பேதும் இல்லை. பனித்தண்டு என்பது பழைய மழையும் தூசியும் சூடும் ஒவ்வொரு அடுக்காகப் படிந்த நினைவுதான், ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் போக வந்ததும் அதைத்தான். உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசி, கடைசியில் கொண்டுபோக விட்டார்கள். அந்தத் தண்டுகள் இப்போது ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்தில், கரண்டில் ஓடும் உறைகிடங்கில் இருக்கின்றன.

தம்பி மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, பாதியில் மழை விட்டுவிட்டது. "அப்ப அந்த மலையில பனி முடிஞ்சதும் அங்கயும் ஸ்னோ பெய்யாதா?" என்று மட்டும் கேட்டான். பெய்யும். பனியாறு போன பிறகும் குளிர்ந்த இரவுகளில் அந்தப் பாறைகள் மேல் பனி விழத்தான் செய்யும், விடியும்போது மலை முழுக்க வெள்ளையாகக்கூட இருக்கும். பத்துப் பதினொரு மணிக்குள் வழிந்து ஓடிவிடும்.